ஏரி மீன் வளமும் ஊரார் ஆலோசனையும்

மாசி மாதத்தில் ஏரியின் நீர் மடைக்கல்லை நெருங்கும் சமயத்தில், பல கிராமங்களில் கரையின்மேல் மூன்று கட்சிகள் கூடி நிற்பதைக் காணலாம். மீன் குத்தகைதாரர், நீர் சீக்கிரம் வடிந்தால் வலை வீசலாம் என்று காத்திருப்பார். கடைமடை நிலத்தார், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் இன்னும் இரண்டு தண்ணீர் வேண்டும் என்று கேட்பார். ஆடு மாடு வைத்திருப்போர், சித்திரை வரையில் குடிநீர் நிற்க வேண்டுமே என்று கவலைப்படுவார். மூவர் சொல்லுவதிலும் நியாயம் உண்டு. ஆயினும் அந்நேரத்தில் கூடிப் பேசி ஆவதொன்றில்லை. நீர் ஒருபுறம் இறங்கிக்கொண்டிருக்க, வழக்கும் அடிதடியும் மறுபுறம் ஏறிக்கொண்டிருக்கும். கடைசியில் ஒரு ராத்திரியில் மடை திறக்கப்பட்டோ, எஞ்சின் வைத்து நீர் இறைக்கப்பட்டோ போகும். மறுவருஷம் பயிரும் மீனும் ஆகிய இரண்டிலும் நஷ்டம் உண்டாகும்.

இவ்வழக்குக்குக் காரணம் நீரின் குறைவு மாத்திரம் அன்று. ஏரி மீனை எவ்வாறு வளர்ப்பது, எவ்வளவு பிடிப்பது, எவ்வளவு விடுவது என்னும் ஏற்பாடு முன்னதாகச் செய்யப்படாமையும், அவ்வேற்பாட்டினால் பாதிக்கப்படுகிறவர்களை முன்னதாகக் கேளாமையுமே முக்கிய காரணங்களாகும். இவ்விரண்டையும் பற்றிக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இங்கே சுருக்கமாகக் கூறப்படுகின்றன.

மீனும் ஒரு பயிரே

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, பங்குனி, சித்திரையில் வற்றுபவை. ஆறு மாதம் முதல் எட்டு மாதம் வரையில் நீர் நிற்கும் இத்தகைய ஏரியில், நெல் விளையும் அதே நீரைக் கொண்டே மற்றொரு பலனையும் பெறலாம். நெல் நீரை உறிஞ்சிச் செலவிடும். மீன் அவ்வாறு செலவிடுவதில்லை. வெயிலினால் ஆவியாய்ப் போவதும் மண்ணில் கசிவதும் மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடப்பவையே. மீனின் கழிவு நீருக்கு உரமாகி வயலுக்குப் பாய்கிறது. கொசுப் புழுக்களையும் பல மீன்கள் தின்று ஒழிக்கின்றன.

ஆனால் பயிருக்குள்ள நியதி மீனுக்கும் உண்டு. விதை நெல்லை உண்டுவிட்டவனுக்கு மறுபோகம் இல்லை. அதுபோலவே சினை மீனையும் குஞ்சு மீனையும் வாரிக்கொண்டுபோன ஏரியில் அடுத்த ஆண்டுக்கு நாட்டு மீன் இல்லை. விதை நெல் ஒவ்வொருவர் வீட்டிலும் தனித்தனிக் குதிரில் இருக்கிறது. அதைக் காப்பது அவரவர் பொறுப்பு. மீனின் விதையோ எல்லாருக்கும் பொதுவான நீரில் இருக்கிறது. ஒருவர் விட்டதை மற்றொருவர் பிடித்துக்கொள்ளக்கூடும். “நான் விட்டால் வேறொருவன் பிடிப்பான், ஆகையால் நானே பிடித்துவிடுகிறேன்” என்று ஒவ்வொருவரும் எண்ணுவதனால், யாருக்கும் இல்லாமற் போகிறது. எனவே ஏரி மீனைக் காப்பது தனியொருவரால் ஆகும் காரியம் அன்று; ஊர் முழுவதும் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டினால் ஆகும் காரியமாகும்.

ஏரியில் வாழும் மீன் வகைகள்

ஏற்பாடு செய்வதற்கு முன் மீன்களின் குணத்தை அறிதல் வேண்டும். அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகை, ஏரியிலும் அதைச் சார்ந்த வாய்க்கால்களிலும் தாமாகவே இனம் பெருக்கும் நாட்டு மீன்கள். விரால், குரவை, கெளுத்தி, ஆரல், அயிரை, பனையேறிக் கெண்டை, சிறு கெண்டை வகைகள் ஆகியவை இவ்வகையின. இவற்றுள் பல, புது வெள்ளம் வந்தவுடன் கலிங்கு வழியாகவும் வரத்துக் கால்வாய் வழியாகவும் நீரை எதிர்த்து ஏறி, ஆழங்குறைந்த புல்தரைகளிலும் வயல்களிலும் முட்டையிடுகின்றன. விராலோ தன் குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தந்தையுமாகக் காத்து நிற்கும். நீரின்மேல் செந்நிறமாய்த் திரளும் குஞ்சுகளின் அடியில் பெரிய விரால் இருப்பதைத் தெரிந்து, அதைத் தூண்டிலிட்டோ குத்தியோ பிடிப்பவர் உண்டு. அவ்வாறு ஒரு மீனைப் பிடிப்பதனால், காவலற்ற ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகின்றன.

இரண்டாவது வகை, கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங் கெண்டைகள். இவை கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளுக்கு உரியவை. கட்லா நீரின் மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால், மூன்றையும் சேர்த்து விடும்போது ஏரியின் உணவு முழுவதும் பயன்படுகிறது. நல்ல நீரில் ஓராண்டில் கட்லா ஒரு கிலோ வரையில் வளரும். ஆனால் இவை தேங்கிய ஏரி நீரில் முட்டையிடுவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விட வேண்டும். முற்காலத்தில் இக்குஞ்சுகளை ஆறுகளில் சேகரித்தே கொண்டுவந்தனர். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் விஞ்ஞானியும் அவரைச் சேர்ந்தவர்களும், மீனின் தலையிலுள்ள ஒரு சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டை மீனை முட்டையிடச் செய்து காட்டினர். அதன் பின்னரே பண்ணைகளில் வேண்டிய அளவு குஞ்சு உற்பத்தி செய்வது கைகூடிற்று.

மூன்றாவது வகை, பிற தேசங்களிலிருந்து வந்தவை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பது. அடிக்கடி இனம் பெருக்குவதால் ஏரி முழுவதும் சிறு மீனாய் நிறைந்து, தானும் பருமனாகாமல் மற்றவற்றின் இரையையும் குறைத்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி அதனினும் கேடானது. அது அகப்பட்ட மீன்களையெல்லாம் தின்பது. நம் நாட்டில் அதை வளர்ப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. லாபத்தை எண்ணி எவரேனும் அதை ஏரியில் விட்டால், வெள்ளக்காலத்தில் அது அடுத்த ஏரிக்கும் ஆற்றுக்கும் பரவிவிடும். பின்னர் அதை எடுப்பது அரிது.

வளம் குன்றுவதற்குரிய காரணங்கள்

முதற் காரணம், கண் சிறுத்த வலை. கொசுவலையை ஒத்த வலைகளை வாய்க்காலிலும் மடையிலும் கட்டி வைத்தால், விரல் நீளக் குஞ்சும் தப்புவதில்லை. விற்கும்போது அக்குஞ்சுகளுக்குக் கருவாட்டு விலையும் கிடைப்பதில்லை.

இரண்டாவது, புது வெள்ளத்தில் ஏறும் சினை மீனைக் கலிங்கிலும் கால்வாயிலும் பறி வைத்துப் பிடித்தல். மூன்றாவது, நஞ்சு கலத்தலும் வெடி போடுதலும். இவை பெரிது சிறிது பாராமல் எல்லாவற்றையும் கொல்வதோடு, கால்நடைக்கும் மனிதருக்கும் தீங்கு செய்கின்றன. நான்காவது, வயலுக்குத் தெளிக்கும் பூச்சி மருந்து. மருந்துக் கலங்களையும் தெளிப்பான்களையும் ஏரி நீரில் கழுவுவதனாலும், தெளித்த மறுநாளே வயல் நீரைத் தாழ்ந்த குட்டைக்கு வடிப்பதனாலும் மீன்கள் கூட்டமாய் இறப்பதுண்டு. இக்குற்றம் மீன் பிடிப்போருடையதன்று, நிலமுடையோருடையது. ஐந்தாவது, ஆகாயத்தாமரையும் பிற நீர்ச்செடிகளும் மண்டுதல். இவற்றால் நீரில் கலந்துள்ள பிராணவாயு குறைகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், அது வாயுக் குறைவின் அடையாளமென்று அறிக.

ஆறாவதும் முக்கியமானதுமான காரணம், ஏரியை முற்ற இறைத்துக் கடைசி மீன் வரையில் பிடித்துவிடுதல். நாட்டு மீன்கள் கோடையைக் கழிக்க ஓரிடமும் இல்லாமற் செய்தால், மறுவருஷம் மழை பெய்தும் அவை தோன்றமாட்டா.

ஓர் எளிய கணக்கு

குஞ்சுப் பருவத்தில் பிடிப்பதால் உண்டாகும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏரியில் தை மாதத்தில் கால் கிலோ எடையுள்ள கெண்டை 1,000 இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போதே பிடித்தால் கிடைப்பது 250 கிலோ. மூன்று மாதம் பொறுத்தால், பறவைக்கும் பெரிய மீனுக்கும் நோய்க்கும் 200 போயினும், மீதியுள்ள 800 மீன் முக்கால் கிலோவாக வளருமாயின் கிடைப்பது 600 கிலோ. பெரிய மீனுக்குச் சந்தையில் விலையும் கூடுதல் என்பதை யாவரும் அறிவர். இடையில் செலவு ஒன்றுமில்லை. பொறுமை ஒன்றே முதல்.

குஞ்சு விடுவதிலும் இவ்வாறே. ஓர் அங்குலக் குஞ்சு மலிவாயிருக்கிறதென்று லட்சக்கணக்கில் வாங்கி விட்டால், விராலும் கெளுத்தியும் நீர்ப்பாம்பும் தின்றது போக மிஞ்சுவது சொற்பம். நான்கு அங்குலம் வளர்ந்த குஞ்சுகளைக் குறைந்த எண்ணிக்கையில் விடுவதே இத்தகைய ஏரிக்கு ஏற்றது. ஆனால் ஒரு வருஷக் குத்தகை எடுத்தவர் இக்கணக்கையெல்லாம் அறிந்தும் அதன்படி நடப்பதில்லை. மடை எப்போது திறக்கப்படுமோ, அடுத்த ஏலம் யாருக்குப் போகுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஆகையால் அவரைக் குறை சொல்வதைவிட, அந்த அச்சத்தை நீக்கும் ஏற்பாட்டைச் செய்வதே உசிதம்.

பழைய ஏற்பாடுகளும் சட்டமும்

ஏரி மீன் வருமானம் நம் நாட்டில் புதிதாகத் தோன்றியதன்று. சோழர் காலத்துச் சாசனங்களில் ‘பாசிப்பாட்டம்’ என்னும் சொல் வருகிறது. அது ஏரியில் மீன் பிடிப்பதற்குச் செலுத்தப்பட்ட இறையைக் குறிப்பது. இன்றும் கிராமங்களில் ‘மீன்பாசி ஏலம்’, ‘மீன்பாசிக் குத்தகை’ என்றே வழங்குவதில், அப்பழஞ்சொல் உயிரோடிருப்பதைக் காணலாம்.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. ஏரியை ஊராரே நிர்வகித்ததற்கு இது சிறந்த சான்று. ஆயினும் அவ்வாரியத்தில் இடம் பெறுவதற்கு இறை செலுத்தும் நிலமும் கல்வியும் வேண்டியிருந்தன. நிலமில்லாதவரும், வலை வீசிப் பிழைப்பவரும் அதில் அமர்ந்திருக்க வழியில்லை. முன்னோர் ஏற்பாட்டைப் புகழும்போது இக்குறையையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில், சென்னைச் சேனையில் வைத்தியராயிருந்த பிரான்சிஸ் டே என்பவர், நன்னீர் மீன்களைப் பற்றி விசாரணை செய்து 1873-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். கலெக்டர்களிடமும் தாசில்தார்களிடமும் கேட்டுப் பெற்ற விடைகள் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. சிறு கண் வலைகளாலும் வாய்க்கால் பொறிகளாலும் குஞ்சு மீன்கள் அழிவதை அது எடுத்துக் காட்டிற்று. பின்னர் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டம், வெடியாலும் நஞ்சாலும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிற்று. வலைக்கண் அளவை விதிக்கவும், குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டாண்டுக்கு மேற்படாமல் மீன்பிடிப்பை நிறுத்தி வைக்கவும் மாகாண சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. 1907-இல் சென்னை மாகாணத்தில் சர் பிரெடெரிக் நிக்கல்ஸன் முயற்சியால் மீன் இலாகா ஏற்பட்டது.

கடலிலும் இத்தகைய ஓய்வுக்காலம் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001-ஆம் ஆண்டு முதல் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை இருந்து, 2017 முதல் அது 61 நாளாக, ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரையில் நீட்டிக்கப்பட்டது. பரந்த கடலுக்கே ஓய்வு வேண்டுமாயின், சில நூறு ஏக்கர் ஏரிக்கு அது எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கேளாததனால் வந்த கேடு

சட்டமும் விஞ்ஞானமும் இருந்தும், அநுபவஸ்தர்களைக் கேளாமையால் பெருங்கேடு வந்ததற்குக் கனடா தேசத்து நியூபவுண்ட்லாந்துக் கடற்கரை ஓர் உதாரணம். அங்கே காட் என்னும் மீன் பல நூற்றாண்டுகளாக ஜனங்களுக்குப் பிழைப்பாயிருந்தது. 1980-ஆம் ஆண்டுகளில், கரையோரத்தில் சிறு படகு வைத்துப் பிடிப்பவர்கள், மீன் வரவரக் குறைகிறது, சிறுத்தும் போகிறது என்று முறையிட்டனர். ஆழ்கடலில் பெரிய கப்பல்கள் பிடித்த அளவைக் கொண்டு கணக்கிட்ட அதிகாரிகளோ, மீன் ஏராளமாய் இருப்பதாகவே எண்ணினர். எஞ்சிய மீன்கள் சில இடங்களில் திரண்டிருந்ததால் பெரிய கப்பல்களுக்கு அகப்பாடு குறையவில்லை. அதுவே கணக்கை ஏமாற்றிவிட்டது. 1992-ஆம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி மீன்பிடிப்பை முற்றும் நிறுத்த வேண்டி வந்தது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பிழைப்பிழந்தனர். இரண்டாண்டுக்கு என்று தொடங்கிய தடை 2024-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. தினந்தோறும் நீரைப் பார்ப்பவன் சொல்லும் வார்த்தையும் ஒரு கணக்கே என்பது இதனால் விளங்கும்.

இதற்கு மாறாக, நீர்ப்பாசனம், மீன்பிடிப்பு, மேய்ச்சல் நிலம் முதலிய பொதுவுடைமைகளை நெடுங்காலம் கெடாமல் காத்த ஊர்களை எலினர் ஓஸ்ட்ராம் என்னும் அமெரிக்கப் பேராசிரியை பல தேசங்களில் ஆராய்ந்தார். விதிகளால் கட்டுப்படுகிறவர்களே அவ்விதிகளைச் செய்வதிலும் பங்கு பெற்ற இடங்களில் விதிகள் நிலைபெற்றன என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆலோசனைக்கு உரிய காலமும் இடமும்

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் அமலுக்கு வந்தது. அதனோடு சேர்ந்த பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய விஷயங்களுள் மீன்வளமும் ஒன்றாகக் கூறப்பட்டிருக்கிறது. வாக்காளர் யாவரும் உறுப்பினராயுள்ள கிராம சபை, உத்தரமேரூர்ச் சபையைப்போல் நிலமுடையோர்க்கு மாத்திரம் உரியதன்று. தமிழ்நாட்டில் அது கூடுவதற்கு ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன.

பெரும்பாலும் 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், மற்றவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. குத்தகை விடும் அதிகாரம் எந்த அலுவலகத்தினிடம் இருந்தாலும், ஊராரின் கருத்து முன்னதாகத் தீர்மானமாக அவ்வலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது நிபந்தனைகளில் இடம் பெறும். மீன்பாசிக் குத்தகை பசலி ஆண்டைத் தழுவி ஜூலை 1 முதல் கணக்கிடப்படுவதால், மே 1-ந் தேதிக் கூட்டமே இதற்கு மிகவும் பொருத்தமானது. அப்போது ஏரி வற்றியிருக்கும். எங்கே பள்ளம், எங்கே மேடு என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பயிர் கரையேறியிருக்கும், மனமும் ஆறியிருக்கும். ஏலம் முடிந்தபின் கூட்டம் போடுவது, களம் தூற்றியபின் விதை தேர்வதை ஒக்கும்.

யாரைக் கேட்பது

தலைமடையாரும் கடைமடையாரும் ஆகிய இரு திறத்தாரும் வருதல் வேண்டும். இவர்களுடைய நன்மை ஒன்றன்று. உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கமிருந்தால் அதன் அங்கத்தினரும், பரம்பரையாய் வலை வீசுவோரும், தூண்டிலாலும் கையாலும் வீட்டுக்கு வேண்டிய மீனைப் பிடிக்கும் ஏழைகளும் வருதல் வேண்டும். மீன் விற்கும் பெண்கள், எந்த மாதத்தில் எந்த மீன் எவ்வளவு பருமனாய் வந்தது என்பதை மற்றவரினும் நன்றாய் அறிவர். கால்நடை வைத்திருப்போர், வாத்து மேய்ப்போர், துணி வெளுப்போர் ஆகியோரும் ஏரிக்கு உரியவர்களே.

முற்காலத்தில் கூட்டத்துக்குத் தண்டோரா போடுவார்கள். இக்காலத்தில் ஒலிபெருக்கியாலும் அறிவிப்புப் பலகையாலும் தெரிவிக்கலாம். ஆனால் அறிவிப்புக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிட்டதென்று உத்தியோகஸ்தர் கருதலாகாது. கூலி வேலைக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்தால், வரவேண்டியவர் வர இயலாது. பெரிய தனக்காரர் முன்னிலையில் பேசக் கூசுவோரும் உண்டு. அத்தகையோரை முதல் நாளே அவர்கள் தெருவிற்போய் விசாரித்து, அவர்கள் சொன்னதைக் கூட்டத்தில் படித்துக் காட்டுவது நலம்.

கூட்டத்தின்முன் வைக்க வேண்டியவை

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதி வைக்கலாம். ஏரியின் பரப்பு; ஆயக்கட்டு; சென்ற மூன்றாண்டுகளில் நீர் நிரம்பிய மாதமும் வற்றிய மாதமும்; அம்மூன்றாண்டுகளின் குத்தகைத் தொகை; அத்தொகையில் ஏரிப் பராமரிப்புக்குச் செலவானது எவ்வளவு என்பது. கடைசியாகச் சொன்னதே முக்கியமானது. மீன் வருமானம் எங்கே போகிறதென்று தெரியாத ஊரில், மீனைக் காக்க எவரும் முன்வரார். அது மதகுப் பலகைக்கும் கலிங்குப் பழுதுக்கும் செலவாகிறதென்று கண்டால், நிலமுடையோரும் மீனைத் தம் பொருளாகவே மதிப்பர்.

தீர்மானிக்க வேண்டியவை

ஒன்று, நீரின் அளவு. மடைக்கல்லுக்குத் தாழ்ந்த நீர் தானாக வயலுக்குப் பாயாது. ஆகையால் அந்த மட்டத்துக்குக் கீழுள்ள நீரை எஞ்சின் வைத்து இறைப்பதில்லை என்று நிலமுடையோர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மட்டத்துக்கு மேலுள்ள நீரை மீனுக்காக வடிப்பதில்லை, மடையை அடைப்பதுமில்லை என்று குத்தகைதாரர் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கல்லை எல்லையாக வைத்துக்கொண்டால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். கடும் வறட்சியில் உயிர்த்தண்ணீர் வேண்டுமானால் என்ன செய்வது, அதனால் குத்தகைதாரருக்கு உண்டாகும் நஷ்டத்துக்கு எவ்வளவு கழிவு என்பதையும் அப்போதே பேசி எழுதிவிடுதல் நலம்.

இரண்டு, மீன் மடு. ஏரியின் ஆழமான பாகத்தில் ஓரிடத்தைக் குறித்து, அங்கே எவரும் மீன் பிடிப்பதில்லை என்று விடுதல் வேண்டும். அனுமதி பெற்று வண்டல் எடுக்கும் குடியானவர்கள், பரவலாகச் சுரண்டாமல், கரைக்குச் சேதம் வாராத தூரத்தில், குறித்த இடத்தில் ஆழப்படுத்தினால் வயலுக்கு எருவும் மீனுக்கு மடுவும் ஒருங்கே கிடைக்கும்.

மூன்று, ஓய்வுக்காலம். புது வெள்ளம் வந்த நாள் முதல் சில வாரங்கள் கலிங்கிலும் வரத்துக் கால்வாயிலும் பறி, கூடு, அடைப்பு வலை வைப்பதில்லை என்று விதிக்கலாம். எத்தனை வாரம் என்பதை வலைஞர்களைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். அவர்களே மீன் ஏறும் நாளை அறிந்தவர்கள்.

நான்கு, வலைக்கண்ணின் அளவு. ஒரு மாதிரி வலைத் துண்டை ஊராட்சி அலுவலகத்தில் தொங்கவிட்டால், அங்குலக் கணக்குத் தெரியாதவரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வர்.

ஐந்து, ஏழைகளின் பங்கு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை ஜில்லாக்களின் பல ஊர்களில், அறுவடைக்குப் பின் நீர் வற்றும் சமயத்தில், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஜனங்கள் யாவரும் ஊத்தா, வலை முதலியவற்றோடு இறங்கி மீன் பிடிக்கும் திருவிழா வழக்கம் உண்டு. அந்நாள்வரையில் ஒருவரும் அங்கே மீனைத் தொடாமலிருப்பது, ஊர்க்கட்டுப்பாட்டின் வலிமைக்கு நல்ல சாட்சி. இவ்வழக்கமுள்ள ஊரில் குத்தகை விடுவதற்கு முன் அதை மறவாமல் கேட்டறிதல் வேண்டும். மடு ஒன்றை மாத்திரம் விலக்கிவைத்தால், திருவிழாவும் நடக்கும், இனமும் மிஞ்சும்.

ஆறு, குத்தகைக் காலம். ஒரு வருஷத்துக்கு எடுத்தவர் ஒரு வருஷத்துக்கே யோசிப்பார். நிபந்தனைகளோடு கூடிய மூன்று அல்லது ஐந்தாண்டுக் குத்தகை, மடுவைக் காப்பதிலும் பெரிய குஞ்சு விடுவதிலும் அவருக்கே நன்மை உண்டாகும்படி செய்யும். ஆனால் நிபந்தனை மீறப்பட்டால் இடையில் ரத்து செய்யும் உரிமை இல்லாத நெடுங்குத்தகை, குறுங்குத்தகையினும் கெடுதியானது.

ஒப்பாதவர் இருந்தால்

எல்லாரும் ஒரே கருத்துக்கு வருவரென்று எதிர்பார்த்தல் கூடாது. ஒப்பாதவர் கூறிய காரணத்தையும் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதுதல் வேண்டும். அவர் சொன்னது எந்த அளவுக்கு ஏற்கப்பட்டது, ஏற்கப்படாததற்குக் காரணம் என்ன என்பதையும் அவருக்குத் தெரிவித்தல் வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமலிருப்பது, கேளாமலிருப்பதைவிட அதிக மனத்தாங்கலை விளைவிக்கும். ஓராண்டு கழிந்தபின் மறுபடியும் மே 1-ந் தேதிக் கூட்டத்தில், பிடித்த மீனின் அளவையும் பருமனையும் முன்னாண்டோடு ஒப்பிட்டு, தவறியதைத் திருத்திக்கொள்ளலாம். முதலாண்டு ஏற்பாட்டில் பிழை நேர்வது இயல்பு.

மாதவாரிக் குறிப்பு

சித்திரை, வைகாசி: ஊர்க்கூட்டம்; மடு ஆழப்படுத்துதல்; சீமைக் கருவேலத்தையும் நீர்ச்செடிகளையும் அகற்றுதல்.

ஆனி, ஆடி: நிபந்தனைகளோடு குத்தகை ஏற்படுத்துதல், குஞ்சுக்கு மீன்வளத் துறையிடம் முன்கூட்டி எழுதுதல்.

புரட்டாசி, ஐப்பசி: மடைக்கும் கலிங்குக்கும் மீன் வெளியேறாத தட்டி அமைத்தல், வெள்ளத்தைத் தடுக்காதபடி அதை அடிக்கடி சுத்தம் செய்தல், புது வெள்ளத்து மீனைக் காத்தல்.

கார்த்திகை: பெருவெள்ளம் தணிந்தபின் நான்கு அங்குலக் குஞ்சுகளைக் காலையிலோ மாலையிலோ விடுதல். குஞ்சுப் பையைச் சிறிது நேரம் ஏரி நீரில் மிதக்க வைத்து, உள்நீரின் சூடும் வெளிநீரின் சூடும் ஒத்தபின் அவிழ்த்துவிடுக.

மார்கழி, தை: பிடிக்காமலிருத்தல், காவல், மருந்துக் கலங்கள் ஏரியில் கழுவப்படாமற் பார்த்தல்.

மாசி, பங்குனி: பருமனானவற்றை மாத்திரம் பகுதி பகுதியாகப் பிடித்தல், மடைக்கல் எல்லையைக் காத்தல், பிடித்ததைக் கணக்கில் எழுதுதல்.

முடிவுரை

ஏரிக் கரையை உயர்த்துவதற்குப் பணம் வேண்டும். மழைக்குத் தெய்வத்தின் அருள் வேண்டும். ஏரி மீனைக் காப்பதற்கு வேண்டுவன, ஒரு நாள் கூட்டமும், ஒரு தாளில் எழுதிய உடன்பாடும், அவ்வுடன்பாட்டை முதலில் தாமே கடைப்பிடிக்கும் சில பெரியவர்களுமே. நிலமுடையோர் ஏரியின் நீரில் தமக்குள்ள உரிமையை நன்கறிவர். அந்நீரிலேயே பிழைக்கும் மற்றவர்களின் வார்த்தைக்கும் செவி கொடுப்பாராயின், மாசி மாதத்தில் கரையின்மேல் கூடும் மூன்று கட்சிகளும் வழக்காடுவதற்கன்றி, நீரின் மட்டத்தைச் சேர்ந்து பார்ப்பதற்காகவே கூடுவர். வரும் கிராம சபையில் இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு ஊரிலும் ஒருவரேனும் முன்வந்து எழுதிக் கொடுப்பது மிகவும் விரும்பத்தக்கது.